மணி எட்டு அடித்தபோது

அன்பு மகள் வானதிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன இரண்டு செய்திகள் மனத்தை விட்டு அகலாமல் இருப்பதால், பேச்சில் அவசரமாகச் சொல்லி முடிக்க மனமில்லாமல் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் பரிந்துரைத்த ‘தி பிரிசனர்’ தொலைக்காட்சித் தொடரில் இரண்டு பகுதிகள் பார்த்துவிட்டதாகவும், அந்தக் கைதி இனி ஒருவரையும் நம்பக் கூடாது என்றும், நீயும் அந்த முடிவுக்கு வந்துவிட்டதாகவும் சொன்னாய். அது முதல் செய்தி. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணிடம் வேண்டுமென்றே ஒரு பொய்யைச் சொல்லி, அது வேறு யார் காதுக்காவது போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாய். அது இரண்டாவது. வேறு வேலைக்கு நேர்காணல் போய் வந்ததை நீ நம்பிச் சொன்ன தோழியே மேலாளரிடம் போட்டுக்கொடுத்ததில் நீ பட்ட வேதனை எனக்குத் தெரியும். அந்தக் காயத்தைச் சிறிதென்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தொடர் உனக்குச் சொன்னதாக நீ நினைப்பதும், அது எனக்குச் சொல்வதும் வேறு வேறாக இருக்கின்றன. நீ பார்த்த கதையையே நான் திரும்பச் சொல்வது போலத் தோன்றினாலும் பொறுமையாகப் படி.

1967 செப்டம்பர் இறுதியில் பிரிட்டனில் ஒளிபரப்பாகத் தொடங்கிய அந்த 17 பகுதிகளையும் நான் விஞ்ஞானக் கதை என்றே சொல்வேன். உன் அப்பா அதை உளவாளிக் கதை என்பார். விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் ஓர் உளவு அதிகாரி மயக்க வாயுவில் சாய்ந்து, கண் விழிக்கும்போது பெயர்களே இல்லாத ஓர் ஊரில் இருக்கிறான். அங்கே அவன் ஆறாம் எண். ஊரை நடத்துபவர் இரண்டாம் எண். வீட்டுக்கு வீடு கண்காணிப்புக் கேமரா, கனவுக்குள் புகுந்து பார்க்கும் மருத்துவம், தப்பி ஓடுபவரை முகத்தில் கவிந்து மூச்சடைக்க வைக்கும் பெரிய வெள்ளைப் பந்து. பேட்ரிக் மெக்கூஹன் அந்தக் கைதியாக நடித்ததோடு தொடரை உருவாக்குவதிலும் முன்னின்றார். அவன் ஏன் வேலையை விட்டான் என்ற ஒரே கேள்விக்கு விடை பெறத்தான் அந்த ஊரே இயங்குகிறது.

உன்னை உலுக்கிய இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். லியோ மெக்கெர்ன் இரண்டாம் எண்ணாக வரும் பகுதி அது. நாடியா என்ற பெண் புதிய கைதியாக வந்து சேருகிறாள். முதலில் அவன் அவளை நம்பவில்லை, அதை மறந்துவிடாதே. அவள் கடலில் நீந்தித் தப்ப முயன்று பிடிபடுகிறாள். மின்சாரம் பாயும் தரையில் அவளை நிறுத்தி வதைப்பதை அவனுக்குத் திரையில் காட்டுகிறார்கள். அவளை விட்டுவிட்டால் ஊரின் கைவினைக் கண்காட்சிக்கு நானும் ஏதாவது செய்து தருகிறேன் என்று அவன் இறங்கி வருவது அதைப் பார்த்த பிறகுதான். கல்லைத் தீட்டிக் கோடரியாக்கி, மரத்தை வெட்டி, பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாத நவீனச் சிற்பம் ஒன்றை அவன் செதுக்குகிறான். மற்றவர்கள் எல்லோரும் இரண்டாம் எண்ணின் உருவத்தையே விதவிதமாகச் செய்து வைத்திருக்கும் அந்தக் கூடத்தில் இவனுக்குப் பரிசு கிடைக்கிறது. பரிசுப் பணத்தில் ஒரு மூதாட்டி நெய்த திரைச்சீலையை வாங்கிக்கொள்கிறான். அன்று இரவே சிற்பத்தின் துண்டுகள் சேர்ந்து படகாகின்றன, திரைச்சீலை பாயாகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் என் நெஞ்சு படபடக்கிறது. எல்லோர் கண் முன்னாலும், நடுவர்களின் பாராட்டுடன், ஒருவன் தன் விடுதலையைச் செதுக்கி முடிக்கிறான் அல்லவா!

ஊர் இருப்பது லித்துவேனியாவில் என்றும், போலந்து எல்லை 30 மைல் தொலைவில் என்றும் நாடியா சொல்லியிருந்தாள். போலந்தில் கரையேறியதும் அவளுக்கு வேண்டிய ஆள் காத்திருக்கிறான். தன் கடிகாரத்துக்குள் கடல்நீர் புகுந்துவிட்டதால் அவனுடைய கைக்கடிகாரத்தை இவன் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறான். பிறகு இருவரும் மரப்பெட்டிக்குள் அடைபட்டு, கப்பலில் கோபன்ஹேகனுக்கும் அங்கிருந்து விமானத்தில் லண்டனுக்கும் போகிறார்கள். அவனுடைய பழைய அலுவலகம், பழைய சகா, மேலதிகாரி, சன்னல் வழியே வாகனங்களின் இரைச்சல். நாடியாவுக்கு அடைக்கலம் தருவதாக வாக்குப் பெற்றுக்கொண்டு, ஏன் விலகினேன் என்று அவன் வாயைத் திறக்கும் நேரத்தில் பிக் பென் எட்டு அடிக்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். அதிலும் எட்டு.

இத்தனை ஆண்டுகள் பூகோளம் கற்பித்தவள், இந்த இடத்தைக் கடந்து போக என்னால் முடியவில்லை. போலந்தின் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முந்தியது. எனவே போலந்துக்காரன் கையிலிருந்து வந்த கடிகாரம் ஒன்பது காட்டியிருக்க வேண்டும். கோடையில் பிரிட்டன் கடிகாரங்களை ஒரு மணி முன்தள்ளி வைப்பதாலும், அந்த ஆண்டுகளில் போலந்து அப்படிச் செய்யாததாலும், இந்தக் கணக்கு குளிர்கால மாதங்களில் மட்டுமே செல்லும். எனவே கதை நடப்பது குளிர்காலம் என்றே வைத்துக்கொள்வோம். அவன் அலமாரியைத் திறந்து கம்பிகளைத் தொடர்ந்து போய், ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்துகிறான். லண்டனின் இரைச்சல் முழுவதும் நின்றுபோகிறது. கதவைத் திறந்தால் அதே ஊர். நாடியா இரண்டாம் எண்ணின் பக்கத்தில் நிற்கிறாள். பழைய சகாவும் அவர்களுடைய ஆள்.

நீ இதிலிருந்து எடுத்துக்கொண்டது நாடியாவின் துரோகம். நான் பார்ப்பது அந்தக் கைக்கடிகாரத்தை. அவன் நாடியாவை முழுமையாக நம்பினான். அவளுக்காகத் தன் ரகசியத்தையே விலையாகக் கொடுக்கவும் துணிந்தான். ஆயினும் மணியோசை காதில் விழுந்தபோது கண் மணிக்கட்டுக்குப் போனது. அவன் யாருக்கும் வலை விரிக்கவில்லை, யாரிடமும் பொய் சொல்லவில்லை. உலகத்தில் உள்ள ஒரு பொருளை இன்னொரு பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்தான், அவ்வளவுதான். நாடியா உண்மையானவளாக இருந்திருந்தால் அந்தப் பார்வையால் அவளுக்கு எந்த அவமானமும் நேர்ந்திருக்காது. இந்த விதமான எச்சரிக்கையை நீ வாழ்நாள் முழுவதும் வைத்திரு என்றுதான் நான் சொல்வேன். சம்பளப் பேச்சை எழுத்தில் வாங்கிக்கொள், வாடகை ஒப்பந்தத்தை முழுதாகப் படி, ஒருவர் சொல்லும் தேதியை நாட்காட்டியோடு ஒத்துப் பார். இதனால் எந்த நட்பும் கெட்டதில்லை.

இனி ஒன்பதாம் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ இன்னும் பார்க்கவில்லை. முடிவைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ‘செக்மேட்’ என்ற அந்தப் பகுதியில் புல்வெளியில் சதுரங்கக் கட்டம் வரைந்து மனிதர்களையே காய்களாக நிறுத்தி ஆடுகிறார்கள். ஆறாம் எண் அதில் ஒரு சிப்பாய். யானைக் காயாக நிற்பவர் ஒரு விஞ்ஞானி. மின்னணுப் பாதுகாப்புக் கருவி ஒன்றைக் கண்டுபிடித்து, அது எல்லா நாடுகளிடமும் இருந்தால் போர் வராது என்று நம்பியதால் அங்கே கொண்டுவரப்பட்டவர். கட்டளை இல்லாமல் தானாக ஒரு கட்டம் நகர்ந்ததற்காக அவரை மருத்துவமனைக்கு இழுத்துப் போய், தாகத்தால் தவிக்க விட்டு, தண்ணீர்க் குழாயைத் தொட்டால் மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்குகிறார்கள்.

அந்த ஊரில் கைதிகளும் காவலர்களும் ஒரே மாதிரி உடுத்தி ஒரே மாதிரி சிரிப்பதால், யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாமல்தான் எல்லோரும் தனித்தனியே அடங்கிக் கிடக்கிறார்கள். சுவர் எழுப்ப வேண்டிய அவசியமே அந்த ஊருக்கு இல்லாமல் போவது இதனால்தான். ஒரு முதியவர் ஆறாம் எண்ணுக்கு வழி சொல்லிக் கொடுக்கிறார்: மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார். அவன் அதை ஒரு சோதனையாக்கிக்கொள்கிறான். அதிகாரத் தோரணையில் ஒருவரை அதட்டிப் பார்ப்பான். திமிராகப் பதில் சொன்னால் காவலர், பயந்து ஒடுங்கினால் கைதி. இப்படிப் பொறுக்கி எடுத்தவர்களைச் சேர்த்து, திருடிய பாகங்களால் ஒரு வானொலிக் கருவி செய்து, விபத்தில் சிக்கிய விமானம் அனுப்பும் அபயக் குரல் போல ஒலிக்கச் செய்து, கப்பலை வரவழைக்கத் திட்டம் போடுகிறான். கருவியோடு மிதவையில் கடலுக்குப் போவது அந்த விஞ்ஞானி.

பாதியில் குரல் நின்றுபோகிறது. ஆறாம் எண் போய்ப் பார்த்தால் மிதவை காலியாகக் கிடக்கிறது. அவன் தானே கடலில் இறங்கிக் கப்பலை அடைகிறான். அங்கே திரையில் இரண்டாம் எண்ணின் முகம். கப்பலும் அவர்களுடையது. விஞ்ஞானி விலைபோய்விட்டார் என்றுதான் அவன் நினைக்கிறான், நானும் முதல் முறை பார்த்தபோது அப்படித்தான் நினைத்தேன். உண்மை அதைவிடக் கொடியது. அவன் மற்றவர்களுக்கு வைத்த அதே சோதனையை விஞ்ஞானி அவனுக்கே வைத்துப் பார்த்திருக்கிறார். அதட்டுகிறான், ஆணையிடுகிறான், எவருக்கும் பயப்படுவதில்லை. எனவே இவன் காவலன், நம்மைச் சோதிக்க அனுப்பப்பட்டவன் என்று முடிவுகட்டி, தன் விசுவாசத்தைக் காட்டிக்கொள்ள, அவர்கள் கட்டிப்போட்டிருந்த இரண்டாம் எண்ணை விடுவித்துவிட்டார்.

எனக்கு அந்த விஞ்ஞானியின் மேல் துளியும் கோபம் வரவில்லை, வானதி. அவரிடம் இருந்த சாட்சியம் என்ன? இந்த மனிதன் முதன்முதலில் தன்னிடம் வந்தது எப்படி? காவலன் வருவது போலத்தான் வந்தான். கைதிகளைக் கண்டுபிடிக்க அவன் காவலனாக நடித்துப் பார்த்தான். பயந்து ஒடுங்கியவர்கள் மனத்தில் அந்த முதல் அதட்டல் அப்படியே தங்கிவிட்டது. திட்டத்தில் ஓட்டை இல்லை, கருவியில் பழுதில்லை, ஆட்களிடம் தைரியத்துக்கும் குறைவில்லை. மற்றவர்களை அளந்து முடித்த பிறகாவது, இதோ என் கதை, நான் இன்னார், இன்ன காரணத்தால் இங்கே அடைக்கப்பட்டேன் என்று அவர்கள் எதிரே உட்கார்ந்து அவன் மனம் விட்டுப் பேசியிருக்கலாம். அவன் பேசவில்லை. நாடியாவிடம் ஏமாந்தவன் பேசத் தயங்கியதும் இயல்புதான் என்று நீ வாதிடக்கூடும். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. அந்த ஊரை நடத்துபவர்கள் நாடியாவை அனுப்பியதால் பெற்ற மிகப் பெரிய லாபமும் அந்தத் தயக்கம்தான். ரகசியம் அன்று கிடைக்காமல் போனாலும், அடுத்து உண்மையான தோழர் ஒருவர் கிடைக்கும்போது அவரை எப்படி அணுகுவது என்பதை அவன் மறந்துபோகும்படி செய்துவிட்டார்கள்.

இப்போது நீ சொன்ன அந்தப் பெண்ணைப் பற்றி. விசா நீட்டிப்பு என்ன ஆகுமோ என்று உன்னிடம் மனம் திறந்து கவலைப்பட்டவள் அவள். அதற்குப் பதிலாக நீ அவளிடம் சொன்னது, சோதித்துப் பார்ப்பதற்காகவே தயாரித்த ஒரு பொய். அது பரவாவிட்டால் அவள் நல்லவள் என்று முடிவுசெய்வாய். ஆனால் அந்தப் பொய் பொய்தான் என்று அவளுக்கு ஒருநாள் தெரியவராமலா போகும்? அன்று அவள் உன்னை எந்தப் பக்கத்து ஆள் என்று நினைப்பாள்? மேலாளரிடம் போய்ச் சொன்ன அந்தத் தோழிக்கும் உனக்கும் அவள் கண்ணில் என்ன வேறுபாடு தெரியும்? உன்னை ஏமாற்றியவளின் கருவியை நீ கையில் எடுத்திருக்கிறாய் என்பதுதான் என் வருத்தம். ஒருவரிடம் எதையும் சொல்லாமல் இருப்பதற்கு உனக்கு உரிமை உண்டு. மெல்லப் பழகு, சிறு விஷயங்களில் தொடங்கு, ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும், அதில் குறையே இல்லை. சோதனைக்காகப் பொய் சொல்வது மட்டும் வேண்டாம்.

வேல்ஸுக்குப் போய் அந்தத் தொடர் படமாக்கப்பட்ட போர்ட்மெய்ரியனைப் பார்க்கப்போவதாகவும் சொன்னாய். அவசியம் போ. கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1925 தொடங்கி 50 ஆண்டுகள் கட்டிய ஊர் அது. இத்தாலியக் கடலோர ஊரைப் போன்ற வண்ண வீடுகளும் மணிக்கூண்டும் இருக்கும். கரையோரம் கல்லால் கட்டிய ஒரு படகு நிற்கும், தொடரிலும் அடிக்கடி வரும். 1966 செப்டம்பரில் படப்பிடிப்பு தொடங்கியும், அது எந்த ஊர் என்பதைக் கடைசிப் பகுதி வரை திரையில் சொல்லாமலே வைத்திருந்தார்கள். போவதற்கு முன் ‘செக்மேட்’ பகுதியைப் பார்த்துவிடு. விஞ்ஞானி செய்தது குற்றம் என்று அப்பா இன்னும் வாதிடுகிறார். உன் தீர்ப்பு எந்தப் பக்கம் என்று இருவரும் காத்திருக்கிறோம்.

அதற்கும் முன்னால் நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நாளைக்கே அந்தப் பெண்ணைத் தேநீருக்கு அழைத்துப் போய், நான் உன்னிடம் சொன்னது பொய், முன்பு ஒருவரிடம் பட்ட அடியால் அப்படிச் செய்தேன் என்று நீயே சொல்லிவிடு. அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அதற்கு அவளுக்கு நியாயம் இருக்கிறது. என்ன சொன்னாள் என்பதை ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், இரவில் காலுறை போட்டுக்கொண்டு படு.

என்றும் அன்புடன்,
அம்மா