மூன்றாவது புடவையை முடித்துக் கொடுத்தவர்களுக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து உறவுகளுக்கு வணக்கம்.

அப்பா தேறி வருகிறார். பேச்சு திரும்பிவிட்டது, வலது கைதான் இன்னும் அடம் பிடிக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர்களுக்கும் பணம் புரட்டித் தந்தவர்களுக்கும் நேரில் சொல்லிவிட்டோம். இந்த மடல் தறிக்காக.

ஒரு பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகளில், மூன்று புடவை. பக்கவாதம் வந்தபோது இரண்டு இறங்கியிருந்தது, மூன்றாவது பாதியில் நின்றது. அதுவும் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடையை, அதாவது குறுக்கிழையை, சுமந்து மூன்று நாடா ஓட வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் உடலும் கரையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். நெய்கிறவர் ஒருவர், கரை நாடா தள்ள இன்னொருவர். அடுத்தவர் விட்ட இடத்தில் உட்காருவது லேசில்லை. கை மாறினால் ஊடையை நெருக்கும் அடி மாறும், அடி மாறினால் துணியில் பட்டையாகத் தெரிந்துவிடும். பாவு கொடுத்த முதலாளியோ புடவைகளைத் தறியிலிருந்து அறுத்துத் தரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்.

எதிர்வீட்டுப் பெரியப்பா, உங்கள் தறியை நிறுத்திவிட்டு வந்தீர்கள். நெய்தால்தான் கூலி என்கிற தொழிலில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும். முதல் நாள் நாடாவையே தொடவில்லை நீங்கள். அப்பா நெய்ததைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “உங்கப்பன் அடி மெத்துன்னு இருக்கும், நான் கொஞ்சம் முரடன்” என்றீர்கள். இணைந்த இடம் எதுவென்று அப்பாவாலேயே சொல்ல முடியவில்லை. கரை நாடா போட்ட அத்தைக்கும், மூட்டுவலியோடு நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றித் தந்த ஆயாவுக்கும் என்ன சொல்வது!

1953-இல் அறிஞர் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணி சுமந்து விற்றதைத் தாத்தா சொல்லிச் சொல்லி மாளமாட்டார். இப்போது ஆகஸ்ட் 7 வந்தால் கைத்தறி நாள், சால்வை, போட்டோ. குறை சொல்லவில்லை, நெசவாளருக்குத் தரும் 300 யூனிட் இலவச மின்சாரம் எங்களுக்கும் உதவுகிறதுதான். ஆனால் தறி நின்றபோது படியேறி வந்தது தெரு.

கூலியை நீட்டினால் பெரியப்பா திட்டுகிறார், அத்தை பேச்சை மாற்றுகிறார். சரி, ஒன்று கேட்கிறோம். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும், விடியற்காலையில் தெருவில் நீட்டும்போது எங்கள் கதவைத் தட்டாமல் போகாதீர்கள். இழைக்குக் கஞ்சி போட நானும் தம்பியும் வருகிறோம். அப்பாவையும் நாற்காலியோடு தூக்கி வந்துவிடுவோம். அறுந்த இழை அவர் கண்ணுக்குத் தப்பாது.