அத்தைக்கு, மார்கழிக்கு முன்

அன்புள்ள அத்தைக்கு,

மார்கழி பிறக்க இன்னும் ஒன்பது நாள்கள் இருக்கின்றன. அந்த மாதம் முழுவதும் பத்தரை மணிக்கு வந்தால் போதும் என்று அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டேன். பள்ளி வேனையும் நிறுத்திவிட்டு, மகளை நானே கொண்டுபோய் விடுவதாக முடிவு செய்திருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது இது என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். சொல்லாமலே உணர்த்துவதுதான் உங்கள் வழக்கம்.

இதை நம் உறவினர்களும் படிப்பார்கள். நீங்கள் உடல்நிலை காரணமாகச் சின்னவர் வீட்டுக்குப் போனீர்கள். அதற்கு மேல் அந்த வாரத்தைப் பற்றி இங்கே எழுதுவது சரியல்ல. எனக்கு இரண்டு வருடங்களுக்கு முந்தைய மார்கழியின் அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் போதும்.

அவளுக்கு அப்போது நாலரை வயது. ஐந்து புள்ளி, ஒன்று முடிய நேர்ப்புள்ளிக் கோலம். புள்ளிகளையும் அவளே வைத்தாள். நடு வரிசை தெருப் பக்கம் சாய்ந்திருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு அவள் சொல்படி கேட்கவில்லை. ஓரிடத்தில் குவியலாகக் கொட்டியது, அடுத்த இடத்தில் ஒன்றுமே விழவில்லை. நான்கு முறை உள்ளங்கையால் அழித்தாள். நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, பனியில் லேசாக நடுங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கை நீட்டிக் காட்டவில்லை, "சபாஷ்" என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை, "எந்தப் புள்ளி தனியா நிக்குது, பாரு" என்றீர்கள். அவள் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். வலது ஓரத்துப் புள்ளியைச் சுற்றாமல் கோடு திரும்பியிருந்ததைக் கண்டுபிடித்ததும், ஐந்தாவது முறையாக மாவை எடுத்தாள்.

அப்போதுதான் தெருமுனையில் வேன் ஒலிப்பான் கேட்டது. கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி, அரை நிமிடத்தில் நான் முடித்துவிட்டேன். கோலம் அழகாகத்தான் வந்தது. எதிர் வீட்டம்மா "நீயா போட்ட?" என்று கேட்டபோது, "இல்ல, அம்மா போட்டது" என்றாள். மறுநாள் காலை அவள் புள்ளிகூட வைக்கவில்லை. வாசலுக்கு வந்து, மாவுக் கிண்ணத்தை என்னிடமே நீட்டினாள். மிச்ச மார்கழி முழுவதும் அப்படித்தான் நீட்டினாள்.

அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்த வேனைத் தவறவிட்டால் எனக்கு அரை நாள் சம்பளம் போயிருக்கும் என்பதும், அந்த மாதம் இந்த வீட்டின் தவணையை எந்தச் சம்பளத்தில் கட்டிக்கொண்டிருந்தோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். பொறுமையாக உட்கார்ந்திருக்க உங்களுக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தை யாரோ ஒருவர் வெளியே போய்ச் சம்பாதித்துக் கொண்டுவந்தார். இதை எழுதியதும் அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை.

நாம் பேச்சை நிறுத்திய இரவுகளில், உங்களை மறுப்பதற்கென்றே இணையத்தில் தேடினேன். கிடைத்ததெல்லாம் உங்கள் பக்கம்தான் பேசியது. ஜூலியா லெனார்டு, லாரா ஷுல்ஸ் உள்ளிட்ட உளவியல் ஆய்வாளர்கள் 2017-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சுமார் 15 மாதக் குழந்தைகளின் முன்னால் ஒரு பெரியவர் பெட்டிக்குள்ளிருந்து பொம்மையை எடுக்கத் திணறித் திணறி, கடைசியில் எடுத்துக் காட்டுகிறார். வேறு சில குழந்தைகளுக்கு அதையே சுலபமாக எடுத்துக் காட்டுகிறார். பிறகு அமுக்கினாலும் பாடாத பொத்தான் வைத்த ஒரு பாட்டுப் பொம்மையைக் கொடுத்தால், திணறலைப் பார்த்த குழந்தைகள்தான் அந்தப் பொத்தானை அதிக முறை அமுக்கிப் பார்க்கின்றன. 2021-இல் லெனார்டு வேறொரு குழுவோடு நடத்திய ஆய்வு என்னைப் பற்றியது என்றே சொல்லலாம்: நான்கைந்து வயதுப் பிள்ளைகள் புதிரோடு போராடும்போது பெரியவர் புகுந்து முடித்துக் கொடுத்தால், அடுத்து வரும் வேலையை அவர்கள் சீக்கிரமே கைவிட்டுவிடுகிறார்கள்.

முதலில் சொன்ன ஆய்வைப் படித்த பிறகுதான் இன்னொன்று எனக்கு விளங்கியது. அவள் முன்னால் நீங்கள் கோலம் போடும்போதெல்லாம் எங்காவது ஒரு கோட்டைத் தவறவிட்டு, "அட, சிக்கிக்கிச்சே" என்று முனகி, அழித்து மறுபடியும் இழுப்பீர்கள். நாற்பது வருடமாக வாசலை அடைத்துக் கோலம் போட்ட கைக்கு ஐந்து புள்ளியில் என்ன சிக்கல் என்று நான் கேட்டதில்லை. உங்களுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் அவளை அழவிட்டு வேடிக்கை பார்த்ததும் இல்லை. என் அப்பா என்னைக் கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்கியதை மனவுறுதிப் பயிற்சி என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார். நான் இன்றுவரை தண்ணீரில் இறங்குவதில்லை. உங்கள் முறை வேறு. அவளுக்குப் பசி வந்துவிட்டால் சிலேட்டில் போட்ட பாதிக் கோலத்தை அப்படியே அலமாரியின் மேல் வைத்து, "சாயங்காலம் இங்கேருந்து" என்று நின்ற புள்ளியில் ஒரு புளியங்கொட்டையை வைப்பீர்கள். சாயங்காலம் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு அதை எடுப்பாள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு ஒன்றைக் கேட்கிறேன். அந்தக் கைகள் எனக்கு மட்டும் ஏன் முந்தானைக்குள் போகவில்லை? கல்யாணமான முதல் மாதம், நான் வைத்த வற்றல் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, "தள்ளு, நேரமாச்சு" என்று கரண்டியை வாங்கினீர்கள். விருந்தாளிகள் வந்திருந்தார்கள், உங்களுக்கும் ஒரு வேன் நின்றிருந்தது என்று வைத்துக்கொள்கிறேன். அன்றிலிருந்து பதினோரு வருடங்களாக, நீங்கள் வீட்டில் இருக்கும்போது நான் அந்தக் குழம்பை வைத்ததில்லை. உங்களுக்கு அது நினைவிருக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கிண்ணத்தை வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து புள்ளி வைத்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி அதிகம். அதைச் சொல்லாமல் இருக்க நான் என் கைகளின் மேலேயே உட்கார வேண்டியிருந்தது. கோடு எங்கும் சேரவில்லை. "பாட்டி கேக்கிற மாதிரி கேளு" என்றாள். கேட்டேன். என் குரலில் அது சரியாக வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

மார்கழி முதல் தேதிக்கு வந்துவிடுங்கள். சின்னவரிடம் பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறேன். வாசல் அவளுடையது, நாம் இருவரும் படியில் உட்காரலாம். அன்று மதியத்துக்கு வற்றல் குழம்பு நான் வைக்கிறேன். புளி அதிகமானாலும் சரி, நீங்கள் கரண்டியைத் தொடக் கூடாது.

உங்கள் மருமகள்