படித்துக் காட்டச் சொன்னால் என்ன தப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 15 உலக ஜனநாயக நாள் என்று உள்பக்கத்தில் நாலு வரி போட்டிருந்தீர்கள். 2007-ல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. எனக்கோ அதைப் படித்ததும் ஏற்காட்டில் எங்கள் ஊர் கிராம சபை ஞாபகம்தான் வந்தது.

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். உட்காரும் முன்பே ஒரு நீள நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள், எழுதத் தெரியாதவர்களுக்கு மை டப்பா. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன், தீர்மானம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. "அப்புறம் எழுதிக்குவோம் சார், நேரமாகுது" என்றார் நோட்டைப் பிடித்திருந்தவர். கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே ஒரு பாட்டி, "எங்க பக்கத்துக்குத் தண்ணி எழுதியிருக்கான்னு படிச்சுக் காட்டு கண்ணு" என்றார். நோட்டுக்காரர் சிரித்தார், படிக்கவில்லை. எழுதியிருந்தால்தானே படிக்க! டீ வந்தது, கூட்டம் முடிந்தது.

இதற்கும் உலக மாநாடுகளுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். 2000-ல் வார்சாவில் நூறு நாடுகளுக்கு மேல் கூடி ஜனநாயகப் பிரகடனம் செய்தபோது, கூட்டத்தைக் கூட்டிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2005-ல் ஐ.நா. ஜனநாயக நிதி தொடங்கியதும் 1 கோடி டாலர் தருகிறோம் என்று முன்வந்தோம், அந்த நிதியில் பெரும்பகுதி போவது அரசுகளுக்கு இல்லை, அந்தந்த நாட்டுக் குடிமைச் சமூக அமைப்புகளுக்கு, அதாவது அரசு சாராத மக்கள் அமைப்புகளுக்கு. 2021 டிசம்பரில் அமெரிக்கா கூட்டிய ஜனநாயக மாநாட்டுக்குப் பிறகு தேர்தல் நேர்மைக்கான பன்னாட்டுக் குழுவை நம் தேர்தல் ஆணையமே முன்னின்று நடத்தியது. சந்தோஷம்தான். ஆனால் இந்த மாநாடுகளில் நம் சார்பில் என்ன சொன்னார்கள் என்று மலைமேல் யாருக்காவது தெரியுமா?

2011-ல் எட்டு நாடுகள் சேர்ந்து, அரசு செய்வதை மக்கள் பார்க்கவும் கேட்கவும் வழி செய்யும் திறந்த அரசுக்கான கூட்டமைப்பு ஒன்றை ஆரம்பித்தன. அதன் வழிகாட்டும் குழுவில் பாதி இடம் அரசுகளுக்கு, பாதி குடிமைச் சமூகத்துக்கு. இந்தியா அதில் சேரவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாம் 2005-லேயே கொண்டுவந்தது, அதுவும் டெல்லியில் யாரோ யோசித்து வந்ததில்லை, 1994-95 வாக்கில் ராஜஸ்தான் கிராமங்களில் பந்தலைப் போட்டு, வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை ஊரார் முன்னால் உரக்கப் படித்து, வராத ஆளுக்கெல்லாம் கூலி எழுதியிருக்கிறது என்று அம்பலப்படுத்தியதில் தொடங்கியது. எங்கள் பாட்டி கேட்டதும் அதையேதான்.

வெளிநாட்டுக் காசு வந்தால் வெளிநாட்டு யோசனையும் கூடவே வரும் என்ற சந்தேகத்தை நான் முழுசாகத் தள்ள மாட்டேன். 1983-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஜனநாயகத்துக்கான தேசிய அறக்கட்டளை ஓடுவதே அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில்தான். ஆனால் நான் காசு கேட்கவில்லையே. மாநாட்டுக்குப் போகிறவர்களில் எங்களைப் போன்ற ஊர்களிலிருந்தும் இரண்டு பேர் இருக்கட்டும், கொடுத்துவிட்டு வந்த வாக்குறுதியைத் தமிழில் போட்டு கிராம சபையில் படிக்கட்டும், அவ்வளவுதான்.

ஊர்க் குறையை வெளிநாடு வரை போய்ச் சொல்வது சேலத்துக்காரர்களுக்குப் புதுசும் இல்லை. உ.வே.சா.வைப் பழந்தமிழ் நூல்கள் பக்கம் திருப்பிவிட்ட சேலம் இராமசுவாமி முதலியார், 1885-ல் இங்கிலாந்துத் தேர்தல் சமயத்தில் கப்பலேறிப் போய் அந்த ஊர் வாக்காளர்களிடமே இந்தியாவின் குறைகளைச் சொன்ன மூவரில் ஒருவர். அவரை அனுப்பியது சர்க்கார் இல்லை, இங்கிருந்த பொதுச் சங்கங்கள்.

சேலம் மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, அவர்கள் இடத்துக்கு அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லாத ஊரில் நாங்கள் கேள்வி கேட்க மிஞ்சியது கிராம சபை மட்டும்தான். வருஷத்துக்கு ஆறு நாள்.

அடுத்தது அக்டோபர் 2. நோட்டு வெள்ளையாக இருந்தால் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. பாட்டியிடமும் சொல்லியிருக்கிறேன். முடிந்தால் உங்கள் நிருபர் ஒருவரையும் மேலே அனுப்பி வையுங்கள்.

ஒரு வாசகர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.