உரத்தை எங்கே வைப்பது?

ஆசிரியருக்கு,

வணக்கம். எந்தப் பயிருக்கு எந்த உரத்தை எந்தப் பருவத்தில் எவ்வளவு இட வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கம் விரிவாக எடுத்துரைத்து வருகிறது. ஆனால் மூட்டை வந்து இறங்கிய நாளுக்கும் அது வயலுக்குப் போகும் நாளுக்கும் இடையே அந்த உரம் எங்கே, எதற்கு அருகில் கிடக்க வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட வருவதில்லை. உரக்கிடங்கு ஒன்றைப் பல ஆண்டுகள் பொறுப்பேற்றுக் கவனித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பூச்சிக்கொல்லியை நஞ்சு என்று அறிந்து பூட்டி வைக்கிறோம். உரம் என்ற சொல்லுக்கு வலிமை என்றும் பொருள் இருப்பதாலோ என்னவோ, அதனிடம் யாருக்கும் அச்சம் எழுவதில்லை. டீசல் கேன், மரத்தூள், பழைய சாக்கு, கந்தகத்தூள் ஆகியவற்றோடு ஒரே அறையில் அம்மோனியம் நைட்ரேட் மூட்டைகளையும் அடுக்கிவிடுகிறோம். தனித்து, தூய்மையாக, குளிர்ச்சியான இடத்தில் இருக்கும்வரை அது அமைதியான பொருள்தான். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், எண்ணெயோ தூளோ கலந்து, அதன்மேல் வெப்பமும் அடைப்பும் சேரும்போது அதன் குணம் அடியோடு மாறுகிறது.

இதை அறியாமல் செய்த ஒரு செயலின் விளைவை 1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகம் கண்டது. ஏறத்தாழ 2,300 டன் அம்மோனியம் நைட்ரேட் உரம் ஏற்றப்பட்டிருந்த கிராண்ட்கேம்ப் என்ற கப்பலின் சரக்கறையில் தீப்பற்றியபோது, தண்ணீர் பாய்ச்சினால் சரக்கு கெட்டுவிடும் என்று எண்ணி, மூடிகளை அடைத்து உள்ளே நீராவியைச் செலுத்தினார்கள். வேறு சரக்காக இருந்தால் காற்றில்லாமல் தீ அவிந்திருக்கலாம். வெளிக்காற்றை எதிர்பார்க்காத இந்தச் சரக்கையோ நீராவி மேலும் சூடாக்கியது, மூடிய அறை அழுத்தத்தைக் கூட்டியது, கப்பல் வெடித்தது. 580க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே டெக்சஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிற்றூரில், மரத்தாலான தொட்டிகளில் இதே உரத்தைக் கொட்டி வைத்திருந்த கிடங்கு 2013 ஏப்ரல் 17 அன்று தீப்பிடித்து வெடித்ததில் 15 பேர் மாண்டனர். அவர்களில் 12 பேர் தீயை எதிர்கொள்ள விரைந்து வந்தவர்கள். உள்ளே இருப்பது என்ன என்பதைத் தீயணைப்புத் துறைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வைப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஈரமும் ஒரு பகைதான். ஈரம் பட்ட உரம் கட்டிதட்டிப் போகும். அப்படி இறுகியதை வெடி வைத்து உதிர்க்கும் வழக்கம் ஜெர்மனியின் ஓப்பாவு ஆலையில் இருந்தது என்றால் இன்று நம்புவது கடினம். பலமுறை தீங்கின்றி நடந்த அந்த வேலை, 1921 செப்டம்பர் 21 அன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரில் ஒட்டாமல், காற்றோட்டமான அறையில் அளவான உயரத்துக்கு அடுக்கினால் கட்டிதட்டுவதைப் பெரிதும் குறைக்கலாம். யூரியாவையும் அம்மோனியம் நைட்ரேட்டையும் அருகருகே வைக்கவும் கூடாது. சிந்திய இரண்டும் கலந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழம்பாகிவிடும். தரையில் சிந்தியதைப் பெருக்கி மீண்டும் மூட்டையிலேயே போடும் சிக்கனம் எங்கள் கிடங்கிலும் இருந்தது. பெருக்கும்போது குப்பையும் எண்ணெயும் சேர்ந்தே வருகின்றன என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

யூரியா வெடிக்காது என்று அலட்சியமாக இருப்பவர்கள், அதை மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. அசைபோடும் விலங்கின் வயிற்றில் அது விரைவாக அம்மோனியாவாக மாறுவதால், சிந்திய யூரியாவை நக்கியோ மூட்டை கழுவிய நீரைக் குடித்தோ சில மணி நேரத்துக்குள் கால்நடை இறந்துவிடலாம். அழுத்தத்தில் அடைக்கப்பட்ட நீரற்ற அம்மோனியாவைக் கையாள்வோருக்குக் கண்ணாடியும் கையுறையும் மட்டும் போதாது. கைக்கெட்டும் தொலைவில் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். ஈரத்தைத் தேடிச் செல்லும் அந்த வாயு முதலில் தாக்குவது கண்ணையும் தொண்டையையும்தான். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நைட்ரேட் மூட்டைகளிலிருந்து பழுப்புநிறப் புகை எழுந்தால் அதை அணைக்க முயலாமல், எல்லோரையும் அழைத்துக்கொண்டு காற்று வரும் திசை நோக்கி விலகிவிட வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தவர் உடனே நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம் என்பதால் அவரை மருத்துவமனையில் காட்டுவது அவசியம்.

ஆகவே, ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று தாங்கள் அச்சிடும் ஒவ்வொரு பரிந்துரையின் கீழும், மீதமுள்ளதை எதிலிருந்து விலக்கி, எப்படி வைக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உரக்கிடங்குப் பொறுப்பாளர்