காசாளர் இல்லாத ஊரிலிருந்து

உப்சாலா, ஸ்வீடன்
2025 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் பேத்தியும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? புதுத் தைலம் கேட்கிறதா, இல்லை பழையபடி நொச்சி ஒத்தடம்தானா?

போன வாரம் தொலைபேசியில், "அந்த ஊரில் ரூபாய் நோட்டே கிடையாதாமே, நிஜமா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி குறுக்கே புகுந்துவிட்டான். "உலகமே மாறிவிட்டது, இவர் மட்டும் இன்னும் பாஸ்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்" என்று அவன் சொன்ன பிறகுதான், கைபேசியில் பணம் வாங்குவதா வேண்டாமா என்று உங்கள் இருவருக்கும் நடக்கிற வழக்கில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள் என்று புரிந்தது. தொலைபேசியில் அவன் என்னைப் பேச விடமாட்டான். அதனால் எழுதுகிறேன். அவனுக்கும் படித்துக் காட்டுங்கள், நடுநடுவே நிறுத்த விடாமல்.

நோட்டு இருக்கிறது அப்பா, அதுவும் அழகான நோட்டு. இருபது குரோனர் நோட்டில் குழந்தைகளுக்குக் கதை எழுதிய அஸ்ட்ரிட் லிண்ட்கிரென், நூறில் நடிகை கிரேட்டா கார்போ, ஆயிரத்தில் ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த டாக் ஹாமர்ஷோல்ட். அதைச் செலவழிக்கத்தான் இடம் தேட வேண்டும். காபிக்கடை, ரொட்டிக்கடை, முடிதிருத்தகம், அருங்காட்சியகம் என்று எங்கே போனாலும் வாசலிலேயே 'ரொக்கம் வாங்குவதில்லை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டப்படி அது செல்லும். முன்கூட்டியே அறிவித்துவிட்டால் போதும், நாட்டின் சொந்தப் பணத்தையே கடைக்காரர் மறுக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. ஐரோப்பாவிலேயே முதன்முதலில் காகித நோட்டு வெளியிட்டது இந்த நாடுதான், 1661இல். அதற்கு முன் செப்புத் தகட்டைப் பணமாக வைத்திருந்தார்கள். 1644இல் அடித்த பத்து தாலர் தகடு ஒன்று 19 கிலோவுக்கு மேல். நீங்கள் காசாளராக உட்கார்ந்திருந்த வங்கிக் கவுண்டரில் அதை எண்ணி வாங்கச் சொல்லியிருந்தால் மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். நோட்டு அச்சடித்த வங்கியின் தலைவர் யோகான் பால்ம்ஸ்ட்ரூக், கையிருப்பைப் பார்க்காமல் அச்சடித்துத் தள்ளி, வங்கி கவிழ்ந்து, சிறைக்குப் போனார். அந்தக் குப்பையைக் கூட்டித்தான் 1668இல் இவர்களுடைய மத்திய வங்கி பிறந்தது. உலகத்தில் இன்றும் இயங்கும் மத்திய வங்கிகளில் அதுவே மூத்தது.

இப்போது பெரும்பாலான வங்கிக் கிளைகளில் ரொக்கமே கையாளுவதில்லை. கூண்டு இல்லை, காசாளர் இல்லை, நோட்டு எண்ண விரலை நனைக்கும் பஞ்சுக் கிண்ணமும் இல்லை. நான்கைந்து நாற்காலி, ஒரு செடி, கடன் வாங்கச் சொல்லிச் சிரிக்கிற இரண்டு பேர். 2013இல் ஸ்டாக்ஹோமில் ஒரு கிளைக்குள் கொள்ளையடிக்கப் புகுந்த ஆள், அங்கே பணமே வைப்பதில்லை என்று தெரிந்து வெறுங்கையோடு வெளியே வந்தான். கதை இல்லை, செய்தித்தாள்களில் வந்தது. 2008இல் 110 ஆக இருந்த வங்கிக் கொள்ளை, 2011இல் 16 ஆகக் குறைந்துவிட்டது. தம்பி இந்த இடத்தில் மேசையைத் தட்டுவான். தட்டட்டும், கடிதம் இன்னும் முடியவில்லை.

எனக்கும் இந்த வசதி பிடித்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2012 முடிவில் ஆறு வங்கிகள் சேர்ந்து 'ஸ்விஷ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தன. கைபேசி எண்ணைப் போட்டால் பணம் அந்த நொடியே போய்ச் சேருகிறது. நம் ஊரில் 2016இல் யூபிஐ வருவதற்கு முன்பே இங்கே அது பழகிவிட்டது. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு அருகில் ஸ்விஷ் எண். கோடையில் தெருமுனையில் இலவங்கப்பட்டை ரொட்டி விற்கிற பள்ளிப் பிள்ளைகளின் அட்டையிலும் ஸ்விஷ் எண், அம்மாவுடையது. வருமான வரிக் கணக்கை வரித்துறையே நிரப்பி அனுப்புகிறது. நான் பார்த்து, சரி என்று ஒப்புதல் கொடுத்தால் முடிந்தது, காபி ஆறுவதற்குள். மார்ச் மாதம் முழுக்க நீங்கள் கட்டுக்கட்டாகக் காகிதம் பரப்பிக்கொண்டு, யாரையும் அறைக்குள் விடாமல் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன்.

ஆனால் இதற்குள் நுழைய ஒரு எண் வேண்டும். பன்னிரண்டு இலக்கம், முதல் எட்டும் பிறந்த தேதி. 1947இலிருந்து இந்த முறை இருக்கிறது. அந்த எண் இருந்தால்தான் வங்கிக் கணக்கு ஒழுங்காகத் திறக்கும், வங்கிக் கணக்கு இருந்தால்தான் 'பேங்க்ஐடி' என்ற செயலி கிடைக்கும், அந்தச் செயலி இருந்தால்தான் மருத்துவரிடம் நேரம் வாங்குவது, வந்த பார்சலை எடுப்பது, குழந்தையின் பள்ளிக்கு விடுப்புச் சொல்வது எல்லாம். வந்த புதிதில் எண் கைக்கு வரும்வரை நான் இந்த ஊரில் இருந்தும் இல்லாத மாதிரிதான். உங்கள் மாப்பிள்ளை காய்ச்சலாகப் படுத்திருந்தபோதுகூட, எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் என்ன உடம்புக்கு என்று கேட்டார்கள். கடுமையாக இல்லை, மிகவும் மரியாதையாக. படிவத்தில் அடுத்த கட்டத்துக்குப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று கேளுங்கள், அம்மாவையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே யார் பெயரையும் இணையத்தில் தட்டினால் வயது, வீட்டு முகவரி, எத்தனையாவது மாடி, கூட யார் குடியிருக்கிறார், கார் இருக்கிறதா என்பது வரை வந்துவிடும். எவருடைய வருமானத்தையும் வரித்துறையைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்டது யார் என்று அவருக்குத் தெரியாது. அரசு ஆவணங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று 1766இல் போட்ட சட்டத்தின் வழி வந்த பழக்கம் இது. அரசாங்கத்தைக் கண்காணிக்கத்தான் போட்டார்கள். பக்கத்து வீட்டைக் கண்காணிக்கவும் உதவுகிறது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க மூன்று ஊர் பஸ் ஏறிய நம் அம்மா, இதைக் கேட்டால் தரகர் கமிஷனே மிச்சம் என்பார். எனக்கு என்னவோ, என் பெயரைத் தட்டிப் பார்த்த அன்று இரவு கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

இனி கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். இங்கே வயது பார்க்காமல் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை. அடுக்ககத்தின் கீழே எல்லா வீட்டுக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் அறை உண்டு. முன்பு அதன் வாசலில் ஒரு மரப்பலகை இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பூட்டு. உங்களுக்கு வேண்டிய நாளுக்கும் நேரத்துக்கும் உரிய துளையில் அதைச் செருகிப் பூட்டிவிட்டால் அந்த நேரம் உங்களுடையது. பலகையை எடுத்துவிட்டுத் தொடுதிரை வைத்தார்கள். பாட்டி துணிக்கூடையோடு அதன் முன் நின்று, கையுறையைக் கழற்றாமலே விரலால் அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அவரோடு பழக்கம் ஆயிற்று.

கணக்கு வழக்கெல்லாம் அவர் கணவர் பார்த்தவர், இப்போது இல்லை. பாட்டியிடம் கைபேசி இருக்கிறது, பேசுவதற்கு மட்டும். வாரம் ஒருமுறை தறி நெய்யும் குழுவுக்குப் போகிறார். அங்கே காபிக்கு முப்பது குரோனர், ஸ்விஷ் மட்டும். பஸ்ஸில் ஓட்டுநர் காசு வாங்க மாட்டார். கடைத்தெருவில் பொதுக் கழிப்பறைக் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். வேலை நாளெல்லாம் வரி கட்டி இந்த ஊரைக் கட்டியவர், அவசரத்துக்கு ஒதுங்கக்கூட இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் மாடியேறி வந்து, கூச்சத்தோடு இருநூறு குரோனர் நோட்டை நீட்டி, குழுவுக்குக் கட்டிவிட முடியுமா என்றார்.

அன்றிலிருந்து நான் அவருடைய வங்கி. காசாளர் மகள் இல்லையா, கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று, கடைசியில் இருப்பு என்று எழுதுகிறேன். மாதக் கடைசியில் மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். நான் ஐந்து குரோனர் கூடவோ குறையவோ எழுதியிருந்தால் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. உங்களுக்கு அவரை மிகவும் பிடிக்கும். அவர் தரும் நோட்டுகளை மாற்றுவதுதான் எனக்கு வேலை. நல்ல வேளையாக, பெரிய மளிகைக்கடையில் ஒரு வரிசையில் இன்னும் ரொக்கம் வாங்குகிறார்கள். அங்கே பணம் எடுத்து எண்ணும்போது பின்னால் நிற்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஏதோ ஒளித்துவைத்த பணத்தோடு வந்தவள் போல.

தம்பி சொல்வது போலக் கைபேசியைக் கற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கற்றுக்கொண்டவர்களுக்கு வேறு விதமாக வருகிறது. பாட்டியின் தோழிக்கு ஒரு அழைப்பு. பேசியவனுக்கு அவர் பெயர், வயது, வீடு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொள்வது இங்கே எவ்வளவு எளிது என்று மேலே சொன்னேன். உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்கிறார்கள், உடனே செயலியைத் திறந்து ரகசிய எண்ணைப் போட்டால் தடுத்துவிடலாம் என்றானாம். அவர் எண்ணைப் போட்டது தடுப்பதற்கு அல்ல, அவன் எடுப்பதற்கு ஒப்புதல் கொடுப்பதற்கு. வங்கிக்குள் புகுந்த திருடன் வெறுங்கையோடு போனான் என்று சொன்னேனே, அவன் தொழிலை விட்டுவிடவில்லை அப்பா, முதியவர்களின் வரவேற்பறைக்குத் தொலைபேசியில் வந்துவிட்டான்.

இந்த ஊர்க்காரர்களுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. 2021 ஜூலையில் இணையத் தாக்குதல் ஒன்றில் ஒரு பெரிய கடைத்தொடரின் கல்லாக் கருவிகள் நின்றுபோய், ஏறத்தாழ 800 கடைகளை மூட வேண்டி வந்தது. அலமாரி நிறையச் சாமான், கதவில் பூட்டு. ரொக்கத்தைக் காப்பாற்ற இங்கே ஓர் இயக்கமே நடக்கிறது. நடத்துபவர் ப்யோன் எரிக்சன், தேசியக் காவல்துறைத் தலைவராகவும் இன்டர்போல் தலைவராகவும் இருந்தவர். பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிட முடியாத ஆள். உணவும் மருந்தும் விற்கிற இடங்களாவது ரொக்கம் வாங்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவருவது பற்றி இப்போது பேசுகிறார்கள்.

சென்ற நவம்பரில் அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் ஒரு சிறு புத்தகம் அனுப்பியது. போரோ பெரிய இடரோ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று: தண்ணீர், கெடாத உணவு, பேட்டரி வானொலி, கொஞ்சம் ரொக்கம். ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததிலிருந்து இங்கே எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம். பாட்டி அந்தப் புத்தகத்தோடு மாடியேறி வந்து, ரொக்கம் பற்றிய வரியில் விரலை வைத்து, "இதைக் கடையில் யார் வாங்குவார்களாம்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பள்ளிக்கூடத்திலும் இதே மாதிரிதான் பின்வாங்குகிறார்கள். கையடக்கக் கணினியை முதலில் வகுப்புக்குள் விட்டவர்கள், 2023இல் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நிதி ஒதுக்கினார்கள். 2024 செப்டம்பரில் சுகாதாரத் துறை, இரண்டு வயது வரை குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், ஐந்து வயது வரை அதிகம் போனால் நாளுக்கு ஒரு மணி நேரம் என்று சொன்னது. தம்பி மகனுக்குக் கைபேசியைக் காட்டித்தான் சோறு இறங்குகிறது என்று அம்மா சொன்னார். இந்தப் பத்தியை மட்டும் தம்பி மனைவியிடம் கொடுத்துவிடுங்கள், நான் சொன்னதாக வேண்டாம்.

நம் ஊர் டீக்கடை இன்னும் எனக்கு ஒழுங்காகப் படுகிறது. மேசை மேல் கியூஆர் அட்டை, பக்கத்தில் பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி, அதன் கீழேயே சில்லறைக் கல்லா. யாரும் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. அந்தக் கல்லாவை எடுத்துவிட்டால்தான் எனக்குப் பயம்.

எனவே என் சாட்சி இது. முன்பக்கக் கடை வாடகையைத் தம்பி சொல்கிறபடி கைபேசியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மாதாமாதம் கடைக்காரர் வராமல் டபாய்ப்பதாவது நிற்கும். ஆனால் ரசீதுப் புத்தகத்தை நிறுத்த வேண்டாம். ஓய்வூதியம் வருகிற கணக்கைக் கைபேசியோடு இணைக்கவே கூடாது. தனியாகச் சின்னக் கணக்கு ஒன்று தொடங்கி, இரண்டு மூன்றாயிரத்துக்கு மேல் அதில் வைக்காமல், அதை மட்டும் இணையுங்கள். தம்பி முகத்தைச் சுளித்தால், அவனுடைய அக்கா ஊரில் காவல்துறைத் தலைவராக இருந்தவரே ரொக்கத்துக்காகக் கொடி பிடிக்கிறார் என்று சொல்லுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யார் அழைத்தாலும், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், பதில் சொல்லாமல் வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். உங்களுக்குப் போய்க் கேட்க இன்னும் ஓர் ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

அம்மாவுக்கு என் அன்பு. மாவடு போட்டால் எனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வையுங்கள், கோடையில் வருகிறோம்.

உங்கள் அன்பு மகள்