பொரியலுக்கும் ஒரு விலை போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை உள்ளவர்கள் வெளியூர் போகும்போது வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு போகவேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு அது காலைப் பலகாரத்தோடு சரி. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறேன். ஆர்டர் பிடிக்க மாதத்தில் பாதி நாள் பஸ்ஸில்தான். சித்திரை வெயிலில் விடியற்காலை கட்டிய சோறு மதியத்துக்குள் ஊசிப்போகிறது. ஆக மதியமும் இரவும் ஓட்டல்தான். 11 வருடமாகச் சர்க்கரையோடு இப்படித்தான் ஓடுகிறது.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இலையில் ஒரு கரண்டி பொரியல், ஒரு கரண்டி கூட்டு, ஓர் அப்பளம். அப்புறம் சோறு குவிகிறது. போதும் என்று கையை மறித்தாலும், "ரசத்துக்குக் கொஞ்சம் வாங்கிக்குங்க" என்று பரிமாறுகிறவர் அன்போடு நிற்பார். அவரிடமே இரண்டாவது தடவை பொரியல் கேட்டால் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. பீன்ஸ் விற்கிற விலையில், ஒரே ரேட்டுக்குக் காயை அள்ளி வைத்தால் கடைக்காரருக்குக் கட்டுபடி ஆகாது. அதனால்தான் ஓட்டல்காரர்களைக் கேட்கிறேன், பொரியலுக்குத் தனியாக ஒரு விலை போடுங்கள். கொடுக்க நாங்கள் தயார்.

நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ் ஒன்றில் இதைச் சொல்லியும் பார்த்தேன். "அம்மா, சோறு பாதி போதும். பொரியல் ரெண்டு பங்கு வையுங்க, காசு சேர்த்துத் தர்றேன்" என்றேன். "இதுக்குப் போயி காசா சாமி" என்றவர், நான் வற்புறுத்திய பிறகு 20 ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்த முறை போனபோது கேட்காமலே ஒரு கிண்ணம் நிறைய முட்டைக்கோஸ் பொரியல் வந்தது, மேலே தேங்காய்ப்பூ தூவி. பக்கத்து இலைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் அப்படியே குடுங்கம்மா" என்றார். இப்போது அங்கே நாலைந்து பேர் அப்படித்தான் சாப்பிடுகிறோம்.

சாயங்காலப் பசிக்கும் இதே வழிதான். எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டை எண்ணெய்ப் பண்டம் என்று முழுசாக ஒதுக்கவேண்டியதில்லை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே இருப்பது துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. "வடை ஒண்ணு, காய் மூணு பங்கு" என்றால் தள்ளுவண்டி அக்கா சிரித்துக்கொண்டே வைத்துத் தருகிறார்.

மலைக்குப் போனால்தான் சிரமம். போன மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். மேலே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று, சர்க்கரை மாத்திரையை மட்டும் வீட்டிலேயே விழுங்கிவிட்டேன். 20 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, வண்டிகள் நின்றுவிட்டன. முக்கால் மணி நேரத்தில் சர்க்கரை இறங்கி, வேர்வையில் சட்டை நனைந்தது, கை நடுங்கியது, மகள் பேசுவது எங்கோ தூரத்தில் கேட்டது. அவள் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்ததால் தப்பித்தேன். "இந்த மாத்திரையை இலை முன்னால் வந்த பிறகுதான் போடணும்" என்று டாக்டர் அப்புறம் கண்டித்தார். உங்கள் கட்டுரையில் இந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தது. தயவுசெய்து அடுத்த இதழில் சேர்த்துவிடுங்கள்.

மேலே ஏரிக்கரையில் இறங்கினால் கண்ணில் பட்டதெல்லாம் மிளகாய் பஜ்ஜி, வறுத்த காலிபிளவர். சேர்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் விளைகின்றன, கொய்யாவும் பட்டர் ஃப்ரூட்டும் காய்க்கின்றன. 2023ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பஜ்ஜிச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு குண்டான் சுண்டலும், சாமைச் சோறும் இருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்!

உணவுக்குப் பக்கத்தில் கலோரி அளவை எழுதிவைக்கும் விதி பத்துக் கிளைக்குக் குறையாத பெரிய உணவகங்களுக்கு வந்திருக்கிறது. எங்கள் மெஸ்ஸுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். சேலத்து ஓட்டல்காரர்கள் இதைப் படித்தால், வாசல் கரும்பலகையில் "அரைச் சோறு, இரட்டைப் பொரியல்" என்று சாக்பீஸால் எழுதி, பக்கத்தில் விலையும் போடட்டும். மறுநாளே வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.