பழைய அம்பாசிடரின் பானெட்டுக்கு அடியில் கிடக்கும் ஒயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிக்கொண்டிருந்த பழைய கார் நடுச்சாலையில் தீப்பிடித்தது என்ற செய்தியை நாளிதழ்களில் அவ்வப்போது படிக்கிறோம். மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்ற வரியோடு அந்தச் செய்தி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையிலேயே என் உழைப்புக் காலம் முழுவதையும் கழித்தவன் நான். அந்தக் கசிவு எங்கே தொடங்குகிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்பதைப் பழைய வண்டிகளை ஆசையோடு வைத்திருக்கும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்பியே இதை எழுதுகிறேன். எனக்கு நன்கு பழக்கமான அம்பாசிடரையே எடுத்துக்கொள்கிறேன்.

மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவிப் பிறந்த அம்பாசிடரின் உற்பத்தி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. நம் ஊர்களில் இன்னும் ஓடும் பழைய பெட்ரோல் வண்டிகளின் ஒயரிங் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனம் வகுத்த முறையைப் பின்பற்றியது. அந்த முறை நமக்கு அந்நியமானதும் அல்ல. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ்-டிவிஎஸ் மூலம் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளின் கைக்கு அது நன்றாகவே பழகியிருந்தது. நிறங்களுக்கு அதில் ஓர் ஒழுங்கு உண்டு. பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது. பச்சை, சாவிக்குப் பிறகு ஃபியூஸ் வழியாகச் செல்வது. சிவப்பு பார்க்கிங் விளக்குக்கும் பின்விளக்குக்கும், நீலம் ஹெட்லைட்டுக்கும், கறுப்பு எர்த்துக்கும் (வண்டியின் இரும்பு உடல் வழியே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) உரியவை. இந்த ஒழுங்கை மனத்தில் வைத்திருப்பவர் பானெட்டைத் திறந்தவுடனேயே பாதி வண்டியைப் படித்துவிடலாம்.

ஆனால் இன்று எந்த அம்பாசிடரிலும் அந்த ஒழுங்கு அப்படியே மிஞ்சியிருப்பதில்லை. ஒரு கால் நூற்றாண்டுக்குள் வண்டி நாலைந்து கை மாறியிருக்கும். ஒருவர் ரேடியோ வைத்திருப்பார், அடுத்தவர் ஏர் ஹாரனும் ஃபாக் லைட்டும் பூட்டியிருப்பார், மற்றொருவர் கேஸ் கிட் பொருத்திப் பின்பு கழற்றியிருப்பார். பொருள் போய்விட்டாலும் அதற்கு இழுத்த ஒயர் போகாமல் அங்கேயே கிடக்கும். மின்சாரம் எங்கே கிடைத்ததோ அங்கே ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். எஞ்சின் சூட்டில் அந்த டேப்பின் பசை இளகி வழிந்து, சுற்று நழுவி, செம்பு வெளியே தெரியும். என் அனுபவத்தில் புகை கிளம்பிய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் தொழிற்சாலை போட்ட ஒயரில் இல்லை. பிறகு அதன்மேல் ஆராயாமல் ஏற்றிய ஒயரில்தான் இருந்தது. ஆகவே புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன்பாக, இருப்பதைத் தடம் பிடித்து அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்பும் செய்தி.

இந்த வண்டிகளில் தவறுக்கு இடம் மிகக் குறைவு என்பதையும் உரிமையாளர்கள் உணர வேண்டும். இன்றைய கார்களில் இருப்பது போல ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ஃபியூஸ் அவற்றில் கிடையாது. பழைய அமைப்பில் இருந்தவை இரண்டே கண்ணாடி ஃபியூஸ்கள். செல்ஃப் மோட்டாரின் சுவிட்சிலிருந்து கட்அவுட்டுக்கு (பேட்டரி சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போகும் பழுப்பு ஒயருக்கும், ஹெட்லைட்டுக்கும், இக்னிஷனுக்கும் ஃபியூஸே இல்லை. அந்தப் பழுப்பு ஒயர் எங்காவது இரும்பில் உரசினால், பேட்டரியின் முழு ஆற்றலும் அதன் வழியே பாயும். தடுக்க எதுவும் இல்லை. இருக்கும் ஃபியூஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது அது உருகும் அளவையே குறிக்கும். தொடர்ந்து தாங்கக்கூடியது ஏறத்தாழ 17 ஆம்பியர்தான். இன்று கடையில் கேட்டு வாங்கும் 35 ஆம்பியர் ஃபியூஸோ 35-ஐயும் தொடர்ந்து தாங்கும். எண் ஒன்றாக இருக்கிறது என்று நம்பி அதைப் போட்டால், ஃபியூஸ் உருகுவதற்கு முன் ஒயர் உருகிவிடும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைப்பவர்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. அது பயணிப்பவர்களின் உயிரோடு விளையாடுவது.

தடம் பிடிக்கும் வேலையை அவசரத்தில் செய்ய முடியாது. முதலில் பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். அதற்கு முன், எர்த் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வது மிக முக்கியம். 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைக்கும் முறை, பரவலாக இருந்ததால், அந்த வழியில் வந்த மிகப் பழைய வண்டிகளில் அதை எதிர்பார்க்கலாம். அது தெரியாமல் பூட்டப்படும் ஆல்டர்னேட்டரும் செல்போன் சார்ஜரும் அந்த நொடியிலேயே கருகும். பின்பு எதையும் தொடுவதற்கு முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒயரின் முனையிலும் எண் எழுதிய துணிப்பட்டையைக் கட்டி, அது எங்கிருந்து எங்கே போகிறது என்பதை மல்டிமீட்டரால் சோதித்துத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இடையில் ஒயர் மாற்றியவர்கள் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள்; எஞ்சின் அறையையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் தீச்சுவரின் இந்தப் பக்கம் பச்சையாக இருந்தது அந்தப் பக்கம் மஞ்சளாக வெளிவருவது சாதாரணம். பயனற்ற ஒயர் என்று தோன்றுவதை நடுவில் வெட்டிவிடுவது பெரும் தவறு. இரு முனைகளையும் கண்டுபிடித்து, இரண்டையும் விடுவித்த பிறகே அதை உருவி எடுக்க வேண்டும்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை யாரும் கவனிப்பதில்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்று இருக்கும். எஞ்சினை இறக்கி ஏற்றும்போது அதைத் திரும்பப் பூட்ட மறந்துவிட்டால், செல்ஃப் எடுக்கும்போது பாயும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் வேறு வழியின்றிச் சோக் கேபிளையும் ஆக்சிலரேட்டர் கேபிளையும் பிடித்துக்கொண்டு ஓடும். அவை பழுக்கச் சிவந்து புகையும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது, பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்த்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் பட்டையையும் அது உட்காரும் இடத்தையும் பளிச்சென்று சுரண்டிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

அடுத்த பெரும் கேடு ஹெட்லைட். பழைய 45 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து எடுத்தது எட்டு ஆம்பியருக்கும் குறைவு. வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் ஹாலஜன் போட்டால் அது ஏறத்தாழ 17 ஆம்பியராகிறது. அவ்வளவும் டேஷ்போர்டில் உள்ள சிறிய சுவிட்ச் வழியாகவும், காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச் வழியாகவும் சென்று திரும்ப வேண்டியிருக்கிறது. சுவிட்ச் இளகுவதில் வியப்பே இல்லை. சட்டத்துக்குட்பட்ட 60/55 வாட் பல்புகளைப் போட்டு, பிரைட்டுக்கு ஒன்றும் டிம்முக்கு ஒன்றுமாக இரண்டு ரிலேக்களை (சிறு மின்சாரத்தால் இயங்கிப் பெரு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகள்) பேட்டரிக்கு அருகில் ஃபியூஸோடு வைத்தால், பழைய சுவிட்ச் ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் செய்யும். வெளிச்சமும் முன்னைவிடக் கூடும்.

முழு ஹார்னஸையும் (வண்டியின் ஒயர்க் கட்டு) மாற்றியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒயரை விரலில் வளைத்தால் மேல்தோல் வெடிக்காமலும், முனையைச் சீவினால் உள்ளே செம்பு மின்னுவதாகவும் இருந்தால் அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். செம்பு கறுத்துப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். இணைப்புகளைச் சரியான கருவியால் கிரிம்ப் செய்வதே, அதாவது உலோக முனையை ஒயரின்மேல் அழுத்திப் பூட்டுவதே, என் விருப்பம். ஈயம் பற்றவைத்த இடம் விறைத்துப்போய், எஞ்சின் அதிர்வில் அதன் விளிம்பிலேயே ஒயர் முறிவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தீச்சுவரில் ஒயர் நுழையும் ஓட்டைகளில் ரப்பர் புஷ் கட்டாயம் இருக்க வேண்டும். வேலை முடிந்து முதன்முறை பேட்டரி கொடுக்கும்போது நேரடியாகக் கொடுக்காமல், எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்பைத் தொடராகக் கோத்துப் பாருங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும்; இரண்டு ஆம்பியருக்கு மேல் பாயாது என்பதால் புதிய ஒயருக்கு ஒரு தீங்கும் வராது.

அசல் தன்மை கெட்டுவிடும் என்று ரிலேவையும் ஃபியூஸையும் மறுக்கும் அன்பர்கள் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதி, மாற்றக் கூடாதவை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சேஸிஸையும் பாடியையும் எஞ்சினையும்தான். கண்ணில் படாத இடத்தில் வைக்கும் ஒரு ஃபியூஸ் அந்த வண்டியின் பெருமையைக் குறைக்காது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுவருகிறோம். இன்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஸ்கேனரை இணைத்துப் பழுதைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஸ்கேனரைச் செருக இடமில்லாத வண்டியின் முன் திகைத்து நிற்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகனப் பிரிவில் படிப்போருக்குப் பழைய ஹார்னஸ் ஒன்றைப் பலகையில் விரித்துக் கொடுத்து, அதைத் தடம் பிடித்துப் படமாக வரையச் சொல்லும் பயிற்சியைச் சேர்க்குமாறு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் தன் வாகனப் பக்கத்தில், அம்பாசிடர், பத்மினி போன்ற வண்டிகளின் ஒயரிங் படங்களைத் தமிழ்க் குறிப்புகளோடு வாரம் ஒன்றாக வெளியிட்டால், வெட்டியெடுத்து வண்டியிலேயே வைத்துக்கொள்ள உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பேருதவியாக இருக்கும். அந்தக் குறிப்புகளை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
திருச்சிராப்பள்ளி.